புரோப் பிடிக்கப் போகிறவருக்கு: மன்னார்க் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

ஸ்கான் மெஷினுக்கு உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது நேரம்தான். ஓர் ஒலித்துடிப்பை உள்ளே அனுப்பும், எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்க்கும், அந்த நேரத்தைத் தூரமாக மாற்றித் திரையில் ஒரு புள்ளி வைக்கும். 13 மைக்ரோசெக்கன் கழித்து வந்தால் 1 சென்ரிமீற்றர் ஆழம். 130 கழித்து வந்தால் 10 சென்ரிமீற்றர். இந்தக் கணக்குச் சரிவர, சில விஷயங்களை அது கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியிருக்கிறது. ஒலி நேர்கோட்டில்தான் போகிறது. எங்கும் அதன் வேகம் செக்கனுக்கு 1540 மீற்றர். போன ஒலி ஒரே தடவைதான் தெறித்துத் திரும்பியது. திரும்பியது எல்லாம் ஒலிக்கற்றையின் நடுக்கோட்டிலிருந்து வந்தது. ஆழம் கூடக் கூட ஒலி ஒரே சீராக நலிந்தது.

ஐந்தும் பொய்க்கும், தினமும் பொய்க்கும். அப்படிப் பொய்க்கும்போது திரையில் விழுவதைத்தான் ஆர்டிஃபாக்ட் என்கிறோம். இந்தக் கட்டுரையில் பொய்த்தோற்றம் என்றே எழுதுகிறேன். எந்த நம்பிக்கை எந்த இடத்தில் பொய்த்தது என்று சொல்லத் தெரிந்தவரே ஸ்கான் பார்க்கத் தெரிந்தவர். இருபது பொய்த்தோற்றங்களின் பெயரை மனப்பாடம் செய்து பரீட்சை பாஸ் பண்ணியவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது.

மன்னாரில் வேலைக்கு வருகிறவர் அந்த 1540 என்ற எண்ணை ஞாபகம் வைக்க ஒரு குறுக்குவழி உண்டு. 28 பாகை வெப்பமும் ஆயிரத்துக்கு 34 பங்கு உப்பும் உள்ள கடல்நீரில், மேற்பரப்பை ஒட்டி, ஒலியின் வேகம் ஏறக்குறைய அதே 1540 மீற்றர்தான். மன்னார்க் குடாவின் தண்ணீர் அந்த அளவை ஒட்டியே இருக்கிறது. எக்கோ சவுண்டர் பூட்டிய படகில் நடப்பதும் இதே வேலைதான். ஆழம் குறைந்த இடத்தில் அந்தத் திரையில் கடலடிக்குக் கீழே, இரட்டை ஆழத்தில், இன்னொரு கடலடி தெரியும். ஒலி அடியில் தெறித்து, நீர்மட்டத்தில் தெறித்து, மறுபடி அடிவரை போய் வந்த கணக்கு அது. அதை நம்பி நங்கூரக் கயிற்றை நீட்டுகிற சம்மாட்டி எவரும் இல்லை. உடம்புக்குள் அதே விஷயம் நடக்கும்போது மட்டும் படித்த நாங்கள் தடுமாறுகிறோம்.

யாருக்கு இந்த வேலை

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் அல்ட்ராசவுண்ட் பார்ப்பவர்கள் பெரும்பாலும் டொக்டர்மார்தான்: கதிரியக்க நிபுணர், மகப்பேற்று நிபுணர், அவர்களுக்குக் கீழே வேலை செய்யும் வைத்திய அதிகாரிகள். ரேடியோகிராபர்மாரின் முதன்மை வேலை எக்ஸ்ரே, சி.டி. பக்கம். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் சட்டமே குறுக்கே நிற்கிறது. சிசுவின் பாலை அறிவதைத் தடுக்க இந்தியா கொண்டுவந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெஷினும் இடமும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், பார்ப்பவருக்கு உரிய மருத்துவத் தகுதி வேண்டும். பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் கதை வேறு. அங்கே சோனோகிராபர் என்பது தனித்தொழில். புரோப்பைப் பிடிப்பவர் அவர்தான்.

ஆகவே இதை இரண்டு பேரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒருவர், முதல் நியமனத்தில் மன்னாருக்கோ தலைமன்னாருக்கோ சிலாவத்துறைக்கோ வந்து சேர்கிற இளம் டொக்டர். நிபுணர் பக்கத்தில் இல்லாத இரவில் புரோப்பை எடுக்க வேண்டியவர். மற்றவர், உயர்தரத்தில் உயிரியல் படித்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலோ கதிர்ப்படவியல் பட்டம் எடுத்து, பிறகு வெளிநாட்டில் சோனோகிராபர் ஆகலாமா என்று யோசிக்கிற தம்பி அல்லது தங்கச்சி.

இரண்டாமவருக்கு ஒரு விஷயம். அமெரிக்காவின் ஏ.ஆர்.டி.எம்.எஸ். சான்றிதழுக்குப் போகும் வழக்கமான வழியில், உடலின் எந்தப் பகுதியைச் சிறப்பாக எடுத்தாலும், ஒலிப் பௌதிகமும் கருவியின் இயக்கமும் தனிப் பரீட்சையாக உண்டு. பொய்த்தோற்றங்கள் வருவது அதில்தான். பிரித்தானியாவில் கேஸ் என்ற அமைப்பு அங்கீகரித்த முதுநிலைப் படிப்பும், அவுஸ்திரேலியாவில் ஏ.எஸ்.ஏ.ஆர். பதிவேடும் நுழைவாயில்கள். பௌதிகத்தை உயர்தரத்தோடு மூட்டை கட்டி வைத்தவர்கள் அதை மறுபடி அவிழ்க்கத்தான் வேண்டும்.

டெங்கு மாதங்களில் ஈரலுக்கு மேலே

வடகீழ்ப் பருவமழையோடு டெங்கு வரும். மார்கழி, தை மாதங்களில் வார்டிலிருந்து அழைப்பு வரும்: "டொக்டர், லீக் தொடங்கிட்டுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ." குருதிக் கலன்களிலிருந்து நீர் கசிந்து நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் தேங்குகிற கட்டம் அது. சேலைன் எவ்வளவு, எந்த வேகத்தில் என்ற முடிவு அந்த ஸ்கானையும் பார்த்தே எடுக்கப்படும். பொய்த்தோற்றத்தைப் படிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆகையால் இதில் கொஞ்ச நேரம் நிற்போம்.

வலது விலாவுக்கிடையில் புரோப்பை வையுங்கள். ஈரல் தெரியும், அதன் மேல் வளைந்த வெள்ளைக் கோடாகப் பிரிமென்றகடு தெரியும். அதற்கும் அப்பால், சுவாசப்பை இருக்க வேண்டிய இடத்தில், மறுபடியும் ஈரல் தெரியும்! நெஞ்சுக்குள் ஈரல் ஏது? பிரிமென்றகட்டுக்குப் பின்னால் காற்று நிறைந்த சுவாசப்பை இருக்கிறது. காற்றைச் சந்திக்கிற ஒலி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் திரும்பிவிடும். திரும்பிய ஒலி ஈரலுக்குள் போய், அங்கே தெறித்து, மறுபடி பிரிமென்றகட்டில் பட்டு, பிந்தி வந்து சேர்கிறது. மெஷின் நேர்கோட்டை நம்புகிறது, ஒற்றைத் தெறிப்பை நம்புகிறது. பிந்தி வந்ததைத் தூரத்தில் வரைந்துவிடுகிறது. கண்ணாடிப் பிம்பம் என்று இதைச் சொல்வார்கள்.

இந்தப் பொய் தெரிகிற வரைக்கும் உங்களுக்கு நல்ல செய்தி. அந்த இடத்தில் காற்று இருக்கிறது, நீர் இல்லை என்று அது சாட்சி சொல்கிறது. நெஞ்சறையில் நீர் சேர்ந்தால் கண்ணாடி போய்விடும். வெள்ளைக் கோட்டுக்கு மேலே கறுப்புப் பட்டை வரும். அதோடு, வழக்கமாகப் பிரிமென்றகட்டோடு அறுந்துபோகிற முள்ளந்தண்டின் கோடு அதையும் தாண்டி நெஞ்சுக்குள் தொடரும், ஏனென்றால் ஒலிக்கு இப்போது வழி கிடைத்துவிட்டது. புதியவர்கள் கறுப்பை மட்டும் தேடுகிறார்கள். பிம்பம் இருக்கிறதா, முள்ளந்தண்டு எங்கே அறுகிறது என்று பார்க்கிறவர் மெல்லிய கசிவையும் தவறவிடுவது குறைவு. ஆளைச் சற்று நிமிர்த்தி இருத்திப் பார்த்தால் இன்னும் நல்லது. நீர் கீழே இறங்கும்.

ஒரு பொறி இருக்கிறது. நியூமோனியாவில் காற்றிழந்து கெட்டியான சுவாசப்பையும் ஈரல் போலவே தெரியும். பிரித்தறிய அளந்து பாருங்கள். பிம்பத்தில் தெரிகிற குருதிக்கலன் ஈரலில் உள்ளதன் பிரதி. இரண்டும் வெள்ளைக் கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கும். கெட்டியான சுவாசப்பைக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அதனுள் காற்றுக் குழாய்கள் வெள்ளைக் கீற்றுகளாக மூச்சோடு மினுங்கும், முள்ளந்தண்டும் தெரியக்கூடும்.

சுவாசப்பை ஸ்கானே பொய்த்தோற்றங்களால் கட்டிய கலை. சமதூரத்தில் கிடையாக விழும் ஏ-கோடுகள், மேலிருந்து அடிவரை செங்குத்தாக இறங்கும் பி-கோடுகள் என்று அதன் முக்கிய எழுத்துகள் இரண்டும் உடம்பில் இல்லாதவை. டானியல் லிக்டென்ஸ்டைன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை முறையாக வகுத்தார். அவசரமாக மூச்சுத் திணறலுடன் வருபவருக்கான அவரது புளூ நெறிமுறை 2008-இல் வெளியானது. டெங்கில் சேலைன் கூடிப்போன ஆளுக்கு இரு பக்கமும் பி-கோடுகள் பெருகும். அதையும் பார்த்துப் பழகுங்கள்.

இரட்டை என்று வாய் திறக்குமுன்

கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில், தொப்புளுக்குக் கீழே நடுவயிற்றில் புரோப்பைக் குறுக்கே வைத்தால் சில வேளை இரண்டு நீர்ப்பைகள் பக்கம் பக்கமாகத் தெரியும். இரண்டும் ஒரே அளவு, இரண்டிலும் துடிப்பு ஒன்றாக. நடுவயிற்றின் இரு பக்கமும் ஓடுகிற நெடுந்தசைகளும் அவற்றை ஒட்டிய கொழுப்பும் ஒலியை முறித்து வளைத்துவிடுகின்றன; ஒரே பை இரண்டு திசையிலிருந்து கேட்கிறது. புரோப்பைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள், நெடுக்காகத் திருப்புங்கள். பொய் இரட்டை மறைந்துவிடும். உண்மையான இரட்டை எந்தக் கோணத்திலும் இரண்டாகவே நிற்கும்.

இதில் பௌதிகம் பாதி, வாய் அடக்கம் பாதி. திரையைப் பார்த்து நீங்கள் "அட, ரெண்டு!" என்று சொல்லிவிட்டால், பேசாலை பஸ் புறப்படுவதற்குள் பேசாலையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற முடியாது. தாய்மார் கேட்பார்கள்: "பிள்ளை, உள்ளுக்கு என்ன தெரியுது?" "பொறுங்கோ அம்மா, முழுக்கப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்பது போதுமான பதில். திரையைத் தாயின் பக்கம் திருப்புவது பார்த்து முடித்த பிறகு.

கல்லும் அழகுபடுத்தும் பொத்தானும்

பித்தப்பைக் கல்லை நாம் உறுதி செய்வது பெரும்பாலும் அதன் நிழலால். கல் ஒலியை மறிக்கிறது, பின்னால் கறுப்பு விழுகிறது. நீர் நிறைந்த கட்டிக்குப் பின்னால் இதற்கு எதிர்மாறாக வெள்ளை கூடும். நீரில் ஒலி நலிவது குறைவு, மெஷினோ எல்லா இடத்திலும் நலிந்திருக்கும் என்று நினைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டுகிறது. இரண்டும் பொய்த்தோற்றம், இரண்டும் நோயறிய உதவுகிறவை.

இன்றைய மெஷின்களின் சிக்கல் இங்கேதான். பல கோணங்களிலிருந்து ஒலியனுப்பிப் படங்களைக் கலந்து காட்டுகிற வசதி அனேகமான மெஷின்களில் எப்போதும் போட்டபடியே இருக்கிறது. படம் வழுவழுப்பாக வரும், ஆனால் சின்னக் கல்லின் நிழல் மங்கிப்போகும், சில வேளை காணாமலே போகும். கம்பெனி ஆட்கள் வந்து மெஷினைக் காட்டும்போது இந்த அழகைத்தான் காட்டுவார்கள். சந்தேகமான வெள்ளைப் புள்ளி கண்டால் அந்த வசதியை நிறுத்துங்கள், மீடிறனைக் கூட்டுங்கள், குவிமையத்தைக் கல்லின் ஆழத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒலிக்கற்றையை விடக் கல் சிறிதென்றால் ஒலி இரு பக்கத்தாலும் ஒழுகிப் போய் நிழலை நிரப்பிவிடும். குவிமையத்தில் கற்றை மெலியும்போது நிழல் திரும்பி வரும்.

சிறுநீரகக் கல்லுக்கு இன்னொரு துணை உண்டு. கலர் டொப்ளர் போட்டால் கல்லின் பின்னால் சிவப்பும் நீலமும் கலந்து மினுக்கும், அங்கே குருதியோட்டமே இல்லாவிட்டாலும். 1996-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த தோற்றம் இது. வேக அளவுகோலை உயர்த்திவிட்டால் உண்மையான குருதியோட்டத்தின் நிறம் அடங்கிவிடும், கல்லின் மினுக்கம் நிற்கும். எல்லாக் கல்லும் மினுக்காது, மினுக்குவதெல்லாம் கல்லும் அல்ல. நிழலோடு சேர்த்துத்தான் தீர்ப்பு.

பித்தப்பையின் அடியில் சேறு போலத் தெரிகிறதா? ஆளைப் புரட்டுங்கள். உண்மையான சேறு மெல்ல வழிந்து புது அடிமட்டத்தில் மட்டமாகப் படியும். கற்றையின் ஓரத்திலிருந்து வந்த பொய்ச்சேறு அப்படிப் படியாது, கோணம் மாறினால் ஓடிவிடும்.

ஒன்றை மாற்று, என்ன ஆகும் என்று முதலில் சொல்

மேலே சொன்னவற்றில் ஒரே பழக்கம் ஓடுகிறது. திரையில் ஐயமான ஒன்று தெரிந்தால் கோணத்தை மாற்று, அல்லது ஆளின் கிடையை மாற்று, அல்லது ஒரு பொத்தானை மாற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். மாற்றுமுன் என்ன நடக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள். சொன்னது நடந்தால் உனக்கு அந்தப் பொய்த்தோற்றம் புரிந்திருக்கிறது. நடக்காவிட்டால் அது பொய்த்தோற்றம் அல்லாமல் இருக்கலாம். அந்தப் படத்தைச் சேமித்துப் பெரியவர் ஒருவரிடம் காட்டு. பக்கத்தில் கற்கிறவர் நின்றால் இதைச் சத்தமாகவே செய்யுங்கள். வெறுமனே "இது ஆர்டிஃபாக்ட்" என்று தள்ளிவிடுகிற மூத்தவரிடம் கற்பதற்கு ஒன்றும் இல்லை.

றிப்போட்டிலும் அதே ஒழுங்கு வேண்டும். "வலது நெஞ்சறையில் நீர் இல்லை, கண்ணாடிப் பிம்பம் தெளிவு" என்று எழுதினால் அடுத்த ஆறு மணி நேரத்தில் பார்க்கப்போகிறவர் எதோடு ஒப்பிடுவது என்று அறிவார். "குடல் வாயுவால் கணையம் பார்க்க முடியவில்லை" என்பது வெட்கப்பட வேண்டிய வசனம் அல்ல. "கணையம் சாதாரணம்" என்று பார்க்காமல் எழுதுவதுதான் வெட்கம். மன்னாரில் இதற்கு விலையும் கூட. பொய்த்தோற்றத்தைக் கட்டி என்று எழுதினால் அந்தக் குடும்பம் வவுனியாவுக்கோ, சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்கோ போக வேண்டும். கடலுக்குப் போகிறவரின் ஒரு நாள் உழைப்பும் பஸ் காசும் ஒரு சொல்லில் போய்விடும். மறுபக்கம், உண்மையான கட்டியைப் பொய்த்தோற்றம் என்று விட்டால் இழப்பதைக் காசில் சொல்ல முடியாது.

மெஷினையும் சந்தேகியுங்கள்

காலையில் ஜெல் போடாமல், புரோப்பைக் காற்றில் பிடித்தபடி திரையைப் பாருங்கள். மேலே சமதூரத்தில் கிடைக்கோடுகள் ஓரம் முதல் ஓரம் வரை சீராக இருக்க வேண்டும். எங்காவது செங்குத்தாக இருண்ட பட்டை இறங்கினால் அந்த இடத்துப் படிகம் செத்திருக்கலாம். பேப்பர் கிளிப் ஒன்றின் விளிம்பைப் புரோப்பின் முகத்தில் மெல்ல நகர்த்துங்கள். திரையில் அதோடு ஒரு வெளிச்சம் நகரும், செத்த இடத்தில் மங்கும். ஒரு நிமிட வேலைதான். செய்யாவிட்டால், எல்லா நோயாளரின் ஈரலிலும் ஒரே இடத்தில் "நிழல்" கண்டு குழம்புவீர்கள்.

மன்னார்த் தீவில் உப்புக் காற்று. சோளகம் வீசும் மாதங்களில் மணலும் சேரும். மெஷினின் காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசு தட்டுவது யாருடைய வேலை என்று கேட்டால் அனேகமாக யாரும் சொல்ல மாட்டார்கள். உங்களுடையது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரேற்றரில் ஓடும்போதோ பக்கத்தில் வேறு கருவி ஓடும்போதோ படத்தில் ஒழுங்கான புள்ளிக் கோடுகள் வந்தால் அது உடம்பிலிருந்து வந்ததல்ல. எந்தக் கருவியை நிறுத்தும்போது போகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள்.

கடல்பாசியில் ஒரு ஆய்வுகூடம்

அல்ட்ராசவுண்டை மருத்துவத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவரான ஸ்கொட்லாந்தின் இயன் டொனால்ட் 1955-இல் கொதிகலன் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றுக்குத்தான் போனார். இரும்பில் வெடிப்புத் தேடும் ஒலிக்கருவியின் கீழே, வெட்டியெடுத்த கட்டிகளை வைத்துப் பார்த்தார். ஒப்பிட மாட்டிறைச்சித் துண்டு ஒன்றும் வைத்தார்கள். 1958-இல் அவரும் அவரது கூட்டாளிகளும் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. நோயாளர் மேல் கை வைக்குமுன் வேறொன்றில் பழகுவது அவ்வளவு பழைய ஒழுக்கம்.

உங்களுக்கு இறைச்சிகூட வேண்டாம், நோன்புக்காலத்தில் காய்ச்சுகிற கடல்பாசி போதும். அரை லீற்றர் தண்ணீருக்கு 15 கிராம் கடல்பாசி, சீனி இல்லாமல். நன்றாகக் கரைந்ததும் ஒரு கரண்டி இசப்கோல் தூளைக் கலக்கினால் திரையில் திசு போலச் சாம்பல் நிறம் வரும். பிளாஸ்ரிக் பெட்டியில் ஊற்றி, இறுகுமுன் உள்ளே ஒரு கண்ணாடிக் குண்டு, ஒரு தடித்த தையல் ஊசி, தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்ட கையுறை விரல் ஒன்று. புரோப்புக்கு உறை போட்டுப் பாருங்கள். குண்டுக்குப் பின்னால் நிழல். ஊசிக்குக் கீழே சமதூர வெள்ளைக் கோடுகள். விரலின் இரு ஓரத்திலும் மெல்லிய முறிவு நிழல். ஊசியைப் பார்க்கும்போது புரோப்பைச் சரித்தால் ஊசியே மங்கிப்போகும்; தசைநாண் பார்க்கும்போது இதே சரிவுதான் நல்ல நாணைக் கிழிந்த நாண் போலக் காட்டும். பெட்டியின் அடிக்குக் கீழே காற்று இருப்பதால் ஊசியின் பிரதி ஒன்று அங்கேயும் தெரியக்கூடும். டெங்கு ஈரலின் கதைதான்.

கடைசியாக, பெட்டியின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்துவிட்டுத் திரையிலும் அளவிடுங்கள். கடல்பாசியில் ஒலியின் வேகம் தண்ணீரை ஒட்டி 1500 அளவில்தான். மெஷின் 1540 என்று நம்புகிறது. 10 சென்ரிமீற்றர் ஆழமென்றால் திரை இரண்டரை மில்லிமீற்றர் அளவு கூடக் காட்ட வேண்டும். கொழுப்பில் வேகம் 1450 அளவு. அங்கே பிழை நூற்றுக்கு ஆறு வரை போகும். எண்ணை முதலில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு அளப்பதுதான் பயிற்சி.

குளிர்ப்பெட்டியில் வைத்தால் சில நாட்கள் தாங்கும், பூஞ்சணம் பிடித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள். விடுதிக் குளிர்ப்பெட்டியில் வைப்பதானால் மூடியில் பெரிய எழுத்தில் "ஊசி உள்ளது, தின்ன வேண்டாம்" என்று ஒட்டிவிடுங்கள். இரவுக் கடமை முடித்துப் பசியோடு வருகிறவர்கள் எதையும் விடமாட்டார்கள்.